போர்ஷே 956 அடிப்பகுதி: காற்றோட்டக் கணக்கில் உதவி தேவை

வணக்கம். 1982-இல் லே மான் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த போர்ஷே 956-இன் அடிப்பகுதியைக் கணினியில் வரைந்து, ஓப்பன்ஃபோம் என்ற காற்றோட்டக் கணிப்பு மென்பொருளில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

இந்தக் கார் ஓடிய குரூப் சி பந்தயப் பிரிவின் விதிப்படி காரின் அடியில் 100 செ.மீ.க்கு 80 செ.மீ. தட்டையான பரப்பு இருந்தாக வேண்டும். அன்றைய ஃபார்முலா ஒன் கார்களைப் போல ஓரங்களில் தரையைத் தொடும் ஸ்கர்ட்டும் (காற்றை அடைக்கும் பக்கத் தடுப்பும்) கூடாது. படுத்த வாக்கிலான ஆறு சிலிண்டர் எஞ்சினோ அகலமானது. அடியில் காற்றை வேகமாக ஓடவிட்டுக் காரைத் தரையோடு அழுத்தும் டனல்கள் விரிய வேண்டிய இடத்தையே அடைத்துக்கொள்ளும். அதனால் போர்ஷே பொறியாளர் நார்பர்ட் சிங்கர் குழுவினர் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சாய்த்துத் தூக்கி வைத்து இடம் பிடித்தார்கள். கில்லாடி வேலை!

என் மாதிரியில், டனலின் கூரை மேலேறும் இடத்தில், பின்சக்கரத்தை ஒட்டிக் காற்று கூரையை விட்டுப் பிரிந்துவிடுகிறது. தரை நகர்கிறது, சக்கரங்களும் சுழல்கின்றன, அதெல்லாம் சரிபார்த்துவிட்டேன். கூரையின் சரிவு அதிகமா, டயர் கலக்கிவிடும் காற்று உள்ளே புகுகிறதா, இல்லை மெஷ்தான் (கணக்குக்காக இடத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) போதவில்லையா? ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-9 பந்தயக் காரைப் போலப் பின்சக்கரங்களை மூடிவிடலாம் என்று ஆசை வருகிறது, ஆனால் அப்புறம் அது 956 இல்லையே.

இதில் அனுபவம் உள்ளவர்கள் எதை முதலில் மாற்றிப் பார்ப்பீர்கள்? லே மானுக்கான நீள வால் வடிவத்தின் டனல் குறுக்குவெட்டு வரைபடமோ, லிஃப்டில் ஏற்றி அடியிலிருந்து எடுத்த படங்களோ இருந்தால் பகிருங்கள்.