மூணு மாடு வெச்சிருக்கறவன் வித்துட்டுப் போகணுமா?

எருத்தேம்பதி மாட்டுக்காரன்:
பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கூட்டத்துல பேசினவர், "அஞ்சு மாட்டுக்குக் கீழ வெச்சிருக்கறவங்க வித்துப்போட்டு கூலிக்குப் போலாம், காசும் மிச்சம், காத்தும் சுத்தம்"னு சொன்னாருங்க. எனக்கு மனசு ஆறலை. கறவை ரெண்டு, வத்தினது ஒண்ணு, எல்லாம் கலப்பினம். தெனம் 16 லிட்டர் பால் சொசைட்டிக்கு ஊத்தறேன். சாணி தென்னைக்குப் போகுது. இதுல என்ன தப்புங்க?

வேலந்தாவளம் பண்ணை:
தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்க. மாட்டோட உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அதுக்கு மேல ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம், அதான் மூட்டைத் தீவனம். 8 லிட்டர் கறக்கற மாட்டுக்கு 4.7 கிலோ ஆச்சு. ரெண்டுக்கும் சேத்து ஒன்பதரை, வத்தினதுக்கு ரெண்டு. கிலோ 30 ரூபாய்னு வெச்சாலே 340 தாண்டுது. வைக்கோல் ஒரு 100. பாலுக்கு லிட்டர் 44 கிடைச்சா 704. கையில நிக்கறது 260 ரூபாய். அதுல காலையும் மாலையும் வேலை. ஒரு தடவை சினை தப்பினாலோ, மடிநோய் வந்தாலோ அதுவும் இல்லை.

காத்து விசயமும் இருக்கு. அசைபோடற மாடு ஏப்பத்துல மீத்தேன் விடும். நூறு வருசக் கணக்குல அது கரியமில வாயுவை விட 28 மடங்கு சூடேத்தும். வத்தின மாடும் அதை விட்டுட்டுத்தான் இருக்கும். நல்லா கறக்கற மாடா வெச்சா லிட்டருக்கு விழற மீத்தேன் குறையும்.

கன்னிமாரி அக்கா:
அண்ணா, உங்க கணக்கு சரிதான். ஆனா விடியக்காலை நாலு மணிக்கு எனக்கு யார் கூலி வேலை குடுப்பாங்க? பால்காசு வாரா வாரம் என் கைக்கு வருது. பள்ளிக்கூடச் செலவு அதுலதான் ஓடுது.

எருத்தேம்பதி மாட்டுக்காரன்:
அண்ணா, உங்க பண்ணை மாதிரி முப்பது மாட்டுக் கொட்டகையைத் தெனம் கழுவற தண்ணி எங்கிருந்து வரும்? போர்லதானே? நம்மது பாலக்காட்டுலயே மழை குறைஞ்ச கிழக்குப் பக்கம். தமிழ்நாடும் கேரளாவும் போட்ட 1970 பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணி ஒப்பந்தத்துல நம்ம சித்தூருக்கு 7.25 டிஎம்சின்னு எழுதியிருக்கு, அந்தத் தண்ணிக்கு வயல்காரங்க வருசா வருசம் காத்துக்கிடக்கறாங்க. கழுவின சாணித் தண்ணி குழியில காத்தில்லாம கெடந்தா அங்கயும் மீத்தேன்தான். நான் பாதிச் சாணியைக் கோபர் கேஸ்ல விட்டு அடுப்பெரிக்கறேன். மீதி காஞ்சு தென்னந்தூருக்குப் போகுது. யூரியா வாங்கறதைப் பாதியாக்கிட்டேன். இதை உங்க 260-ல எழுதலையே?

வேலந்தாவளம் பண்ணை:
எழுதலை, ஒத்துக்கறேன். சாணித் தண்ணி எங்க பண்ணைக்கும் தலைவலிதான். ஆனா உங்க மூட்டைத் தீவனத்துல இருக்கற மக்காச்சோளமும் புண்ணாக்கும் வெளி மாநிலத்துல இருந்து லாரியில வருது. அது விலை ஏறினா மொதல்ல விழறது நீங்க. பசுந்தீவனம் எத்தனை சென்ட்ல இருக்கு?

எருத்தேம்பதி மாட்டுக்காரன்:
இல்லைங்க. தென்னைக்கு நடுவுல கோ 5 தீவனப்புல் போட்டேன், நிழல்ல ஏறலை.

கன்னிமாரி அக்கா:
தம்பி, நிழலுக்கு கினியா புல் போடுங்க, அதான் தாங்கும். கோ 5-ஐ வெயில் படற வரப்போரம் வைங்க, கொட்டகைத் தண்ணியை அங்க திருப்புங்க. நான் இப்படி மாத்தினதுல ஒரு மாட்டுக்கு ஒரு கிலோ மூட்டைத் தீவனம் குறைஞ்சிருக்கு. பால் குறையலை.

வேலந்தாவளம் பண்ணை:
ஒரு கிலோவா? மூணு மாட்டுக்குத் தெனம் 90 ரூபாய். அப்ப என் கணக்கைத் திருத்தணும். இருந்தாலும் வத்தின மாட்டைச் சீக்கிரம் சினைக்குக் கொண்டு வராம வித்துடுங்கற பேச்சு நிக்காது தம்பி. கன்னு போட்டு எத்தனை மாசம் ஆச்சு?

எருத்தேம்பதி மாட்டுக்காரன்:
பதினாலு. ரெண்டு சினை ஊசி தப்பிப்போச்சு. நாளைக்கு டாக்டரைக் கூப்பிடறேன். அக்கா, கினியா தூர் உங்ககிட்ட கிடைக்குமா?

கன்னிமாரி அக்கா:
ரெண்டு சாக்கு கொண்டு வாங்க. மழைக்கு முன்னாடி வாங்க.