பழவேற்காடு: ஏரிக்கரை ஊரில் கண்டவையும் கேட்டவையும்

இழையைத் தொடங்கியவர்:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நீர்நிலையை ஒட்டி வாழும் சிற்றூர்களில் நாம் சந்தித்த மனிதர்களையும், அவர்களிடம் கேட்டறிந்தவற்றையும் எழுத வேண்டும் என்ற விருப்பத்தில் இவ்விழையைத் தொடங்குகிறேன். நான் எடுத்துக்கொள்ளும் ஊர் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியைக் கடந்து சென்றால் சாலை முடியுமிடத்தில் இருக்கும் ஊர் அது. அங்கு செல்வோரில் பெரும்பாலோர் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இறாலோ நண்டோ வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அவ்வூரை அறிய விரும்புகிறவர் கல்லறையிலிருந்து அல்ல, பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் வாயான முகத்துவாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை எனக்கு விளக்கியவர் அங்கு சந்தித்த முதிய மீனவர் ஒருவர். வலையைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் ஏரியின் ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். "எந்த மாசத்துல கேக்குறீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியில் ஏரியின் புவியியல் முழுவதும் அடங்கியிருந்தது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலான இது, வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீண்டு கிடந்தாலும், பெரும்பகுதியில் சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உடையது. ஓதத்தையும் (கடல்நீரின் ஏற்ற இறக்கத்தையும்) பருவத்தையும் பொறுத்து அதன் பரப்பு 250 முதல் 450 சதுர கிலோமீட்டர் வரை சுருங்கியும் விரிந்தும் மாறுகிறது. வடகிழக்குப் பருவமழையில் தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது ஏரி ஏறத்தாழ நன்னீராகிவிடுகிறது. கோடையில் நீர் வற்றி, கடலைவிடவும் உப்புக் கூடிய நிலையை அடையும் பகுதிகளும் உண்டு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல் தீவு கிடக்கிறது. கடல்நீர் உள்ளே வந்துபோவதற்குச் சில வாய்கள் மட்டுமே உண்டு. அவற்றுள் தென்கோடி வாய் பழவேற்காட்டின் அருகே இருக்கிறது.

இறாலின் வாழ்க்கையே இந்த வாயை நம்பியிருக்கிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஓதத்தோடு ஏரிக்குள் வந்து, சேற்றிலும் கடற்புல்லிலும் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. வாய் மணலால் அடைபட்டுவிட்டால் குஞ்சு உள்ளே வராது, வளர்ந்தது வெளியே போகாது, படகும் கடலுக்குச் செல்ல முடியாது. அதனால்தான் முகத்துவாரத்தைத் தூர்வாரி, இருபுறமும் கற்சுவர் எழுப்பி நிலையாகத் திறந்து வைக்க வேண்டும் என்று அவ்வூர் மீனவர்கள் தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

பெரும் கப்பல்கள் ஏரிக்குள் நுழைய முடியாத ஆழமற்ற இந்த இடம் எவ்வாறு ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையின் முதன்மையான துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது என்ற ஐயம் எழுவது இயல்பே. கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; சரக்கு சிறு படகுகளில் ஏறி முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். ஏரிக்குள் வந்துவிட்டால் படகுக்கு அலையின் அச்சம் இல்லை. கரையை அடுத்த உள்நாட்டிலோ நெசவாளர் ஊர்கள் இருந்தன. விஜயநகர அரசர்களின் ஆட்சியில் இத்துறை செழித்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்ச்சுகீசியர் இங்கு குடியேறி மாதா கோயிலை எழுப்பினர். இன்றுள்ள மகிமை மாதா திருத்தலம் அம்மரபின் தொடர்ச்சி. விஜயநகர அரசர் வேங்கடபதிராயரின் இசைவோடு டச்சுக்காரர்கள் வணிகச்சாலை அமைத்தார்கள். 1612இல் போர்ச்சுகீசியர் அதைத் தாக்கி அழித்தபின், 1613இல் வெம்மர் வான் பெர்கெம் என்ற டச்சு அதிகாரி கோட்டையைக் கட்டி முடித்து, தம் சொந்த மாகாணத்தின் பெயரால் அதற்குக் கெல்ட்ரியா என்று பெயரிட்டார். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை, சோழமண்டலக் கரையின் டச்சு ஆட்சி இந்தச் சிற்றூரிலிருந்தே நடந்தது.

சென்னை நகரின் பிறப்பும் இந்த ஏரியோடு தொடர்புடையது. 1621இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டு வணிகம் செய்ய முயன்றார்கள், அது நிலைக்கவில்லை. பின்னர் 1626இல் ஏரியின் வடபுறத்தில், இன்று துர்காராஜபட்டினம் எனப்படும் ஆர்மகானில் இடம் பிடித்தார்கள். அங்கும் வணிகம் போதாமல் தெற்கே வந்து 1639இல் மதராசப்பட்டினத்தில் நிலம் பெற்றார்கள். பழவேற்காட்டில் அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தால் சென்னையின் கதை வேறாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

இன்று கோட்டையின் அகழியும் மண்மேடும் புதரும்தான் எஞ்சியுள்ளன. கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன; உள்ளே டச்சு எழுத்துகளும் குலச்சின்னங்களும் பொறித்த 17ஆம் நூற்றாண்டுக் கற்கள் கிடக்கின்றன. அந்தக் கற்களின் அழகை வியப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். துணியும் வெடிமருந்தும் மட்டுமல்ல, பஞ்சக் காலங்களில் உணவுக்கு வழியின்றி விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான மனிதர்களும் இந்த முகத்துவாரம் வழியாகவே பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அம்மக்களுக்கு ஒரு நினைவுப் பலகைகூட ஊரில் என் கண்ணில் பட்டதில்லை. ஒன்று வைக்கப்பட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

கோட்டைக்குப்பத்தைச் சேர்ந்த உறுப்பினர்:

ஐயா அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊரை முகத்துவாரத்திலிருந்து பார்க்கச் சொன்னதற்கு நன்றி. வெளியூரிலிருந்து ஆய்வுக்கு வருபவர்களும் மாணவர்களும் எங்களிடம் மிகுதியாகக் கேட்பது, மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையைப் பற்றித்தான். அதைக் குறித்து எழுதுகிறேன்.

ஏரியின் தென்பகுதியில், முகத்துவாரத்துக்கு அருகில் ஓதம் இழுத்து ஓடும் இடங்களில் கழிகளை ஊன்றிச் சுத்து வலை கட்டி இறால் பிடிப்போம். அத்தகைய இடங்கள் சிலவே. எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது, சண்டையும் வரும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முறைவைத்து இறங்குகின்றன. ஊருக்குள் உரிமை தலைக்கட்டுக் கணக்கில் வருகிறது. எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம். நல்ல இடமும் மோசமான இடமும் சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் வரும். எழுதப்பட்ட அரசுச் சட்டம் எதுவும் இதற்கு இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி எடுக்கும் முடிவே சட்டம்.

என் தந்தையோடு முதன்முதலாகச் சீட்டுக் குலுக்கும் கூட்டத்துக்குச் சென்றபோது, பிடிக்காத இடம் கிடைத்த பெரியப்பா ஒருவர் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து வலையைச் சரிபார்க்கப் போனதைப் பார்த்தேன். அடுத்த சுற்றில் நல்லது வரும் என்று அவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கைதான் இம்முறையைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அதேவேளை உண்மையை மறைக்கவும் விரும்பவில்லை. பாடு முறையில் சேராத ஊர்கள் பல உண்டு. ஏரியை நம்பி வாழ்வோர் பெருகப் பெருக, தங்களுக்கும் உரிமை வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், மோதல்களும் நிகழ்ந்தன. வலையும் படகும் இல்லாமல், முழங்கால் நீரில் தவழ்ந்து கையாலேயே இறாலைத் துழாவிப் பிடித்துப் பனையோலைப் பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் பெண்கள் எந்தச் சீட்டிலும் இல்லை. ஆற்றங்கரையிலும் ஏரி ஓரத்திலும் அவர்கள் நாள் முழுதும் நீரில் கிடப்பதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். எங்கள் பாடு முறையை நான் பெருமையாகவே நினைக்கிறேன். அதற்குள் அவர்களுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

சுற்றுலாவாக வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அந்த மாலையை எங்கள் ஊர் மறக்கவில்லை. ஏரி ஆழமற்றதாகத் தெரியும். ஆனால் முகத்துவாரத்தின் அருகே கடல் உள்ளே இழுக்கும் வேகம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. சவாரிக்கு அழைத்துச் செல்லும்படி எங்கள் பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள்.

பறவை நோக்கும் உறுப்பினர்:

நானும் ஓர் அனுபவத்தைச் சேர்க்கிறேன். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போடப்பட்டுள்ள சாலையில் நின்றால், குளிர்காலக் காலைகளில் இருபுறமும் பூநாரைகள் கூட்டமாக மேய்வதைக் காணலாம். அவை தலைகீழாக அலகை நீரில் அமிழ்த்திச் சேற்றிலுள்ள சிற்றுயிர்களை வடிகட்டி உண்கின்றன. அதற்கு ஆழமற்ற உவர்நீர் வேண்டும். எனவே முகத்துவாரத்தைப் பற்றிய கவலை மீனவர்களுடையது மட்டுமன்று. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் இருப்பதால், பழவேற்காட்டை மட்டும் பார்ப்பவர் அதன் தென்முனையை மட்டுமே காண்கிறார். நேரமிருப்பவர்கள் ஆந்திரத்திலுள்ள நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்கும் செல்லுங்கள். ஏரியில் இரை தேடும் கூழைக்கடாக்கள் அங்குள்ள குளத்து மரங்களில்தான் கூடு கட்டுகின்றன.

சென்னையிலிருந்து எழுதும் உறுப்பினர்:

கல்லறையைத் தாண்டி ஊருக்குள் நடந்தால் முஸ்லிம் மக்களின் தெருக்கள் வரும். அங்குள்ள சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரத்தை அறிய நிறுவிய சூரியக் கடிகாரத்தைப் பெரியவர் ஒருவர் எனக்குக் காட்டி, நிழலைக் கொண்டு நேரத்தைக் கணக்கிடும் முறையைப் பொறுமையாக விளக்கினார். அத்தெருக்களின் திண்ணைகளில் பெண்கள் பனையோலையைச் சாயமேற்றிக் கூடைகளும் பெட்டிகளும் பின்னுகிறார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வரும் தொழில் அது. நான் பேசிய அம்மா, இடைத்தரகர் கொடுக்கும் விலைக்கும் நகரக் கடையில் விற்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லி வருந்தினார். அவ்வூருக்குச் செல்பவர்கள் அவர்களிடமே நேரில் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். சற்றுத் தள்ளியிருக்கும் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலையும் தவறவிட வேண்டாம். செம்பூரான் கல்லால் எழுந்த அக்கோயிலில் இராமாயணக் காட்சிகள் மிகச் சிறிய உருவங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன.

இழையைத் தொடங்கியவர்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. குப்பத்து நண்பர் எழுதியதைப் படித்தபின் இன்னும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பக்கிங்காம் கால்வாயில் படகுகள் ஓடிய காலத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சவுக்கு விறகு சென்னை நகரத்து அடுப்புகளுக்கு வந்தது. பிறகு அத்தீவு ராக்கெட் ஏவுதளத்துக்கென எடுக்கப்பட்டது. 1971இல் அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. நாட்டின் பெருமைக்குரிய அந்நிலையத்துக்காகத் தீவில் வாழ்ந்த குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவர்களுள் சிலர் ஏரியின் தென்கரைக்கு வந்து குடியேறியதாக அங்குள்ளோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்குடும்பங்களைச் சேர்ந்தவர்களோ, அவர்களோடு பழகியவர்களோ இவ்விழையைப் படித்தால், தீவில் இருந்த ஊர்கள் எவை, எந்த நீரில் எப்படி மீன் பிடித்தார்கள், வந்து சேர்ந்த கரையில் பாடு முறைக்குள் இடம் கிடைத்ததா என்பவற்றை எழுதுங்கள். அங்கு வாழ்ந்த தலைமுறையில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு விரைவில் எழுதும்படி வேண்டுகிறேன்.