புகைபோக்கி தெரிகிறது, கரண்ட் இல்லை: அணுவா, சோலாரா?

எர்ணாவூர்க்காரன்:
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. மொட்டை மாடியில் ஏறினால் அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரிகிறது! சாம்பல் எங்களுக்கு, வெளிச்சம் ஊருக்கு. நிலக்கரி ஒழியட்டும், சரி. அந்த இடத்துக்கு அணுமின்சாரம்தான் வர வேண்டும் என்பேன். வர்தா, மிக்ஜாம் இரண்டுமே டிசம்பர். நம் காற்றாலைகள் நன்றாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரை. புயல் மேகத்தில் சோலாரும் படுத்துவிடும். கூடங்குளத்தில் ஓர் உலை 1000 மெகாவாட், மழையானாலும் ராத்திரியானாலும்.

ராயபுரம் சோலார்:
அண்ணே, அந்த முதல் உலைக்கு 2002-ல் வேலை தொடங்கி, வணிக உற்பத்தி வந்தது 2014 கடைசியில். கமுதியில் 648 மெகாவாட் சோலாரை 2016-ல் சில மாதங்களில் முடித்துவிட்டார்கள். அப்புறம், 1000 மெகாவாட் ஒரே அடியாக ட்ரிப் ஆகி நின்றால், ஊரையெல்லாம் இணைக்கும் கிரிட்டே (மின்தொகுப்பே) ஆடும். சின்னச் சின்னதாகப் பரவிக் கிடப்பதுதான் தாங்கும்.

எர்ணாவூர்க்காரன்:
தம்பி, 648-ஐ அப்படியே 1000 பக்கத்தில் வைக்காதீர்கள். சோலார் வருஷ சராசரியில் ஐந்தில் ஒரு பங்குதான் தரும். கல்பாக்கத்தில் 2004 சுனாமியின்போது பம்ப் ஹவுசுக்குள் கடல் புகுந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள், 2005 ஜனவரி 2-ல் மறுபடி ஓட்டினார்கள்.

ராயபுரம் சோலார்:
ஆக, நின்றதுதானே? பாதுகாப்புக்கு நிறுத்தியது சரிதான். ஆனால் நமக்குக் கரண்ட் தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான். ராத்திரிக்கு பேட்டரி இருக்கிறது. தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீலகிரி குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட்.

பழைய லைன்மேன்:
தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எர்ணாவூர் சார், உங்கள் தெருவில் உற்பத்தி குறைந்தா கரண்ட் போயிருக்கும்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸுக்குள் தண்ணீர் ஏறினால், அதற்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபீடர் லைனை நிறுத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் நடக்கிறவன் செத்துப்போவான். கூடங்குளத்திலிருந்து வந்தாலும் கமுதியிலிருந்து வந்தாலும் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

ராயபுரம் தம்பி, உங்கள் மாடி சோலாரில் அன்றைக்கு லைட் எரிந்ததா?

ராயபுரம் சோலார்:
இல்லை. மறுநாள் வெயில் அடித்தும் எரியவில்லை.

பழைய லைன்மேன்:
எரியாது. தெரு லைனோடு சேர்ந்தே ஓடும், பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், லைன் போனதும் தானாக அணைந்துவிடும். கம்பத்தில் ஏறி நிற்கிற என்னை மாதிரி ஆள்மேல் கரண்ட் பாயக்கூடாதே! புயலுக்கு உதவ வேண்டுமென்றால், லைன் போனாலும் வீட்டைத் தனியே ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அதைச் சொல்லாமல் விற்கிறார்கள்.

எர்ணாவூர்க்காரன்:
நிலக்கரிக்குப் பதில் எது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது சார், அதில் நான் இறங்கி வர மாட்டேன். ஆனால் பெட்டி விஷயம் நியாயம். எவ்வளவு உயரம் தூக்கினால் போதும்?

பழைய லைன்மேன்:
உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது?

எர்ணாவூர்க்காரன்:
சுவரில் கறை இன்னும் இருக்கிறது. இப்போதுதான் டேப் வைத்துப் பார்த்தேன், மூன்றரை அடி. பெட்டியின் அடிப்பாகம் ஒன்றரை அடியில் இருக்கிறது.