மறு: அக்யூட் என்றால் கடுமையா, காலமா? ('பச்சைத்தொற்று' என்றொரு பரிந்துரை)

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

மொழிபெயர்க்க எடுத்த கட்டுரை இன்னும் தலைப்பைத் தாண்டவில்லை. சாகாஸ் நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி, உடம்பில் புகுந்த முதல் சில வாரங்களில் இதயத்தின் வேலையை எப்படிக் கெடுக்கிறது, தொற்றிய சுண்டெலிகளில் எத்தனை பிழைக்கின்றன என்பதுதான் பொருள். ஒட்டுண்ணி, தொற்று, இதயத்தசை அழற்சி எல்லாம் கைவசம் இருக்கின்றன. அக்யூட் (நோயின் புதிய, முதல் கட்டம்; நாட்பட்டதற்கு எதிர்) என்ற ஒற்றைச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். கேட்டதும் நீங்கள் கொட்டிய சொற்கள்: கடும், தீவிர, உக்கிர, குறுங்கால, திடீர், உடன். ஆறும் எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த நீண்ட மடல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோய், சொல் அப்புறம். 1909-இல் பிரேசிலின் லசான்ஸி என்ற ஊரில் கார்லோஸ் சாகாஸ் ஒரு சின்னப் பெண்ணின் இரத்தத்தில் இந்த ஒட்டுண்ணியைக் கண்டார். தன் ஆசான் ஒஸ்வால்டோ குரூஸ் பெயரைச் சேர்த்து டிரிபனோசோமா குரூசி என்று பெயர் வைத்தார். மண்சுவர் விரிசலில் குடியிருக்கும் ஒரு பூச்சி இரவில் வந்து இரத்தம் குடிக்கும். குடித்த இடத்திலேயே எச்சமும் இடும். தூக்கத்தில் சொறிகிறோம் இல்லையா, அந்தச் சொறிதலில் எச்சத்தில் இருக்கும் ஒட்டுண்ணி உள்ளே போய்விடும். முகத்தில் கடிப்பதால் பிரேசிலில் அந்தப் பூச்சிக்குச் சவரக்காரன் என்று பெயர். (ஆங்கிலத்தைப் பார்த்து 'முத்தப்பூச்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாமே. மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு என்றால் நமக்கு உடனே விளங்கிவிடும்.)

உள்ளே போன ஒட்டுண்ணி இதயத்தசை உயிரணுவுக்குள் நுழைந்து, சவுக்கு போன்ற தன் வாலை, அதாவது கசையிழையைச் சுருக்கிக்கொண்டு உருண்டையாகிறது. இந்த நிலைக்குக் 'கசையிலி' என்று வைத்திருக்கிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஓர் அணுவுக்குள்ளேயே பெரிய கூடாகப் பெருகும். சில நாளில் அணு வெடிக்கும். வெளியே வந்தவை அடுத்த அணுக்களைத் தேடிப் போகும். சிதைந்த இடத்துக்கு வெள்ளணுக்கள் திரண்டு வரும், தசைநார்களுக்கு நடுவே நீர் கோக்கும். இதயம் படபடவென்று அடிக்கும், ஆனால் அடிக்கு ஏற்ற வேலை நடக்காது. மின்கடத்தல் தாமதமாகும். சிலருக்கு இதய உறைக்குள்ளும் நீர் சேரும். இரத்தத்தில் ஒட்டுண்ணியின் எண்ணிக்கை ஏறி, உச்சம் தொட்டு இறங்கிவிடுகிறது. இதயத்துக்குள் இருப்பது அவ்வளவு சீக்கிரம் அடங்குவதில்லை. இரத்தச் சொட்டைப் பார்த்து ஆள் தேறிவிட்டார் என்று நினைத்தால் ஏமாறுவோம்.

படித்தால் 'கடும் தொற்று' என்பது சரிதானே என்று தோன்றும். வேடிக்கை இங்கேதான். மனிதர்களில் சுமார் 2 மாதம் நீடிக்கும் இந்த முதல் கட்டம், பெரும்பாலானவர்களுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. லேசான காய்ச்சல், ஒரு பக்க இமை வீக்கம், அவ்வளவுதான். பிறகு பத்து, இருபது வருடம் சத்தமே இருக்காது. தொற்று நாட்பட்டவர்களில் 30 விழுக்காடு வரை இதயக் கோளாறுக்குப் போகிறார்கள். இதயத்தின் நுனி மெலிந்து பலூன் போலப் புடைக்கும், துடிப்பின் ஒழுங்கு குலையும், திடீர் மரணமும் உண்டு. ஆக, பலருக்கு முதல் கட்டம் சாது, நாட்பட்ட கட்டம்தான் கொடியது. சாதுவுக்குக் 'கடும்' என்று பட்டம் கட்டினால் வாசகர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். சில வருடம் முன்பு அத்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. மருத்துவமனைச் சீட்டில் அக்யூட் என்று தொடங்கி ஒரு நீளமான பெயர். கோவில்பட்டியிலிருந்து மாமா போனில் கேட்டார். தமிழ் ஆர்வலன் அல்லவா, 'தீவிர இரைப்பைக் குடல் அழற்சி' என்று கணீரென்று சொன்னேன். மறுநாள் காலை எழும்பூரில் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். பேசாமல் ஆட்டோ ஏறினார்கள். வீட்டுக்கு வந்தால், சலைன் ஏற்றி முந்தின இரவே திரும்பிவிட்ட அத்தை, ரசம்சாதத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "தீவிரம்னு சொன்னியேடா" என்று மாமா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. 'தீவிர' என்றதும் நம் காதில் அடுத்து விழுவது 'சிகிச்சைப் பிரிவு' தானே?

ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'லேசான' என்று போடுங்கள். லேசான தீவிரத் தொற்று. லேசான கடும் தொற்று. லேசான உக்கிரத் தொற்று! மருத்துவர் தயக்கமில்லாமல் சொல்லும் ஒன்றைத் தமிழில் சொன்னால் கேலியாகிறது. மூன்றும் இதிலேயே விழுந்துவிட்டன. 'உடன்தொற்று' என்பதை ஒரே ஆளுக்கு இரண்டு தொற்று இருப்பதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். 'குறுங்கால' என்றால் சீக்கிரம் முடிந்துவிடும் என்ற வாக்குறுதி கேட்கிறது, இந்த நோய் முடிவதில்லை, நாட்படுகிறது. 'திடீர்' மாரடைப்புக்குப் பொருந்தும், பூச்சி கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்து மெல்லத் தலைகாட்டும் காய்ச்சலுக்குப் பொருந்தாது. 'இளந்தொற்று' என்று நானே ஒன்று யோசித்தேன். இளஞ்சூடு, இளங்காய்ச்சல் என்று பழகிய காதுக்கு அது லேசான தொற்று என்று கேட்கும். எதிர்ப்பக்கம் போய் விழுகிறது.

போன வாரம் அம்பத்தூர் மார்க்கெட்டில் மீன் வெட்டும் அம்மா ஒருவர் விரலில் துணி சுற்றியிருந்தார். எலுமிச்சம்பழம் வாங்கின கையோடு நின்ற என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் வை சார், பச்சைப்புண்ணு, எரியும்" என்றார். அங்கேயே நின்றுவிட்டேன். புண் சின்னதா பெரிதா என்ற பேச்சே அதில் இல்லை. புதிது, இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான். நேற்றுப் பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு. சூளைக்குப் போகாத பானை பச்சை மண். நாட்பட்ட புண்ணுக்கு எதிர்ச்சொல் நம்மிடமே இருக்கும்போது அகராதியில் ஏன் துழாவுகிறோம்?

பச்சைத்தொற்று, நாட்பட்ட தொற்று. லேசான பச்சைத்தொற்று, கடுமையான பச்சைத்தொற்று. எல்லாம் உட்காருகிறது. இன்னொரு லாபமும் உண்டு. பச்சை மண் என்றால் இன்னும் வளைக்கலாம் என்று பொருள். பென்ஸ்னிடசோல், நிஃபர்டிமாக்ஸ் என்ற இரண்டு மருந்துகளும் தொற்றிய உடனே கொடுத்தால் நன்றாகக் கேட்கின்றன. இதயம் கெட்ட பிறகு பென்ஸ்னிடசோல் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. இரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்தது, ஆனால் இதயம் மோசமாவதைக் குறிப்பிடும்படி தடுக்க முடியவில்லை. பானை சுட்டாகிவிட்டது.

மற்ற இரண்டு சொற்களையும் சுருக்கமாக முடிக்கிறேன். எந்த நாள் வரை எத்தனை எலி உயிரோடு இருந்தன என்று காட்டும் உயிர்பிழைப்பு வரைகோட்டில் 'உயிர்' கட்டாயம் வேண்டும். வெறும் 'பிழைப்பு வரைகோடு' என்று ஒருவரிடம் காட்டினேன், எலி என்ன பிழைப்பு நடத்துகிறது என்று கேட்டார். அடுத்து ஈ.எஃப். (எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன்), அதாவது இதயம் ஓர் அடியில் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு. இடது கீழறையில் 120 மில்லி இரத்தம் நிரம்பி, ஓர் அடியில் 72 மில்லி வெளியே போனால் 60 விழுக்காடு. பாடநூல் பாணியில் 'வெளியேற்றப் பின்னம்' என்கிறார்கள். சென்னையில் எக்கோ எடுத்துவிட்டு வெளியே வரும் எவரும் "பம்பிங் அறுபது இருக்காம்" என்றுதான் சொல்கிறார். 'உந்துவீதம்' என்று வைத்திருக்கிறேன், பம்பிங் என்பதன் உணர்வு அதில் இருக்கிறது.

நம் ஊரில் இல்லாத நோய்க்கு இவ்வளவு பாடா என்று கேட்டவருக்கு: டெங்கு முதல் எலிக்காய்ச்சல் வரை எல்லாவற்றுக்கும் இந்த அக்யூட் வேண்டியிருக்கிறது, ஐயா. அதுவும் போக, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பொது மருத்துவமனையில் 1903-இல் காலா அசார் என்ற கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியைக் கண்ட சார்லஸ் டோனவன், அதைப் பரப்புவது இந்தப் பூச்சி இனத்தில் ஒன்றுதான் என்று சந்தேகப்பட்டார். சந்தேகம் தப்பு, மணல் ஈதான் குற்றவாளி. ஆனால் சென்னைப் பூச்சியின் குடலைத் துழாவியதில் குரூசிக்குச் சொந்தக்கார ஒட்டுண்ணி ஒன்று அகப்பட்டது. அது எலிக்குரியது, மனிதனுக்கு நோய் தராது. அவர் அதை எழுதியதும் அதே 1909-இல்தான். பூச்சி இங்கே இருக்கிறது, குரூசி மட்டும் இல்லை.

அன்புடன்,
அம்பத்தூரிலிருந்து

*

தம்பிக்கு,

மடலை இரண்டு முறை படித்தேன். மீன்காரம்மாவுக்கு நன்றி சொல்லு. ஆனால் முப்பது வருடம் மாட்டுக்கும் குதிரைக்கும் ஊசி போட்டவள் என்ற முறையில் இரண்டு தடை.

ஒன்று, பச்சை என்றால் எல்லா இடத்திலும் புதிது என்றா அர்த்தம்? பச்சைத் தண்ணீர் காய்ச்சாதது. பச்சைப் பொய் அப்பட்டமானது. பச்சைத்தொற்று என்று சுவரொட்டியில் போட்டால், சளி பச்சையாக வருமா என்று கேட்பார்கள். சிரிக்காதே, கேட்பார்கள்.

இரண்டு, நீ சாகாஸை மட்டும் வைத்துப் பேசுகிறாய். அதே டிரிபனோசோமா குடும்பத்து ஒட்டுண்ணியால் வரும் சர்ரா என்ற கால்நடை நோய் இருக்கிறது. குதிரைக்கு வந்தால் முதல் கட்டத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். காய்ச்சல், இரத்தசோகை, கால் வீக்கம், சாவு. மாட்டுக்கும் எருமைக்கும் பல நேரம் வெளியே தெரியாமலே இருக்கும். குதிரை வைத்திருப்பவரிடம் போய்ப் பச்சைத்தொற்று என்று சொன்னால், பச்சைப் பிள்ளை மாதிரி ஏதோ மென்மையானது என்று நினைத்து நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். கடும் என்ற சொல்லில் ஓர் அவசரம் இருக்கிறது, அதை நீ தொலைக்கிறாய். சர்ரா மனிதனுக்கு வராது என்று நாங்கள் படித்தோம். மகாராஷ்டிரத்தில் சந்திரப்பூர் பக்கம் ஒரு விவசாயிக்கு வந்ததே, 2005-இல் எழுதினார்கள். அவருக்குச் சுராமின் என்ற மருந்தைக் கொடுத்துத்தான் தேற்றினார்கள். ஆகவே அவசரத்தைச் சொல்லும் சொல்லைத் தூக்கிப்போடுவதற்கு முன் யோசி.

உந்துவீதம் நன்றாக இருக்கிறது. கசையிலியும் சரி.

வேப்பேரி

*

அம்மாவுக்கு வணக்கம்.

சுவரொட்டி விஷயத்தில் தோற்றேன். பொதுமக்களுக்கான துண்டறிக்கையில் 'புதிதாகத் தொற்றிய நிலை' என்றே எழுதிவிடுகிறேன், நீளமானாலும் தப்பில்லை. கட்டுரைக்குள் பச்சைத்தொற்று இருக்கட்டும், முதல் முறை வரும் இடத்தில் 'பச்சைப்புண் என்பதில் போல' என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

அவசரத்தைப் பற்றி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். குதிரைக்குச் சர்ரா வந்தால் 'கடுமையான பச்சைத்தொற்று' என்று நீங்களே சொல்லலாமே. கடுமையைத் தனிச் சொல்லாக வைத்தால், வேண்டிய இடத்தில் சேர்க்கலாம், வேண்டாத இடத்தில் விடலாம். இப்போது அது அக்யூட்டோடு ஒட்டிக்கொண்டு, எருமைக்கும் குதிரைக்கும் ஒரே பட்டத்தைக் கொடுக்கிறது. சாகாஸிலும் இந்த இரட்டை உண்டு. பூச்சியால் வந்தால் பெரும்பாலும் சாது. உணவில் கலந்து வயிற்று வழியாகப் போனால் நிலைமை வேறு. 2005-இல் பிரேசிலின் சாண்டா கதரீனாவில் பூச்சியோடு சேர்த்துப் பிழிந்த கரும்புச்சாற்றைக் குடித்தவர்களில் சிலர் இறந்தே போனார்கள். 2007-இல் கராகஸ் நகரில் ஒரு பள்ளியில் கொய்யாச்சாறு, 103 பேருக்குத் தொற்று, ஒரு குழந்தை இறந்தது. இவையும் அதே முதல் கட்டம்தான். (கரும்புச்சாறு என்றதும் வீட்டில் கிளாஸைக் கீழே வைத்தார்கள். குரூசி இங்கே இல்லை, தைரியமாகக் குடிக்கலாம். ஐஸ் பற்றி நான் பொறுப்பல்ல.)

மாரடைப்புக்குப் 'பச்சை மாரடைப்பு' என்று யாரும் எழுத வேண்டாம், எனக்கே சிரிப்பு வருகிறது. அங்கே திடீர் மாரடைப்பு என்று ஊரே சொல்கிறது, அது போதும். ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே எல்லா இடத்திலும் சுமக்க வேண்டுமா என்ன?

ஒன்று மட்டும் பாக்கி. பாராசைட்டீமியாவுக்கு 'இரத்தத்தில் ஒட்டுண்ணி எண்ணிக்கை' என்று நீட்டி வைத்திருக்கிறேன். ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை என்று எண்ணுவதால் பொருள் சரி. ஆனால் 2-ஆம் படத்தின் நிற்கும் அச்சில் அவ்வளவு எழுத இடமில்லை. மூன்று, நான்கு எழுத்துக்குள் யாராவது சுருக்கிக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை வரைவை அனுப்பிவிடுவேன்.

அம்பத்தூரிலிருந்து