மான் வருவதற்காக விதைக்கும் வயல்: ஜிப்சம் போதுமா, சுண்ணாம்பு வேண்டுமா?

பண்ருட்டி செம்மண்:
வணக்கம். பண்ருட்டிக்கு மேற்கே மல்லாட்டையும் (நிலக்கடலை) முந்திரியும் வைத்திருக்கிறேன். தம்பி அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறான். போன வருடம் காட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம் வாங்கினான். அங்கே உரிமம் எடுத்து வெள்ளைவால் மானை வேட்டையாடலாம். குளிர் வருவதற்கு முன் மானுக்கென்றே தீவனம் விதைத்து, பருவம் திறந்ததும் அதன் ஓரத்தில் பரண் கட்டி உட்காருவார்களாம். நான் பரண் கட்டியதெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் பன்றி விரட்டத்தான். இவன் வரச்சொல்லி விதைக்கிறான்!

இப்போது 50 சென்ட் உழுதுவிட்டு என்னிடம் யோசனை கேட்கிறான். மண் ஆய்வில் pH 5.4, அதாவது புளிப்பு மண் (7க்குக் கீழே எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). நம் வீட்டில் மல்லாட்டைக்கு 45ஆம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன். அதையே போட்டால் போதுமா என்கிறான். கையில் ரை (கோதுமை போன்ற தானியம்), டர்னிப் (முள்ளங்கி போன்ற கிழங்கு), குளோவர் (பயறு இனத் தீவனம்) மூன்றும் கலந்த விதைப்பை இருக்கிறது. ஆடியில் விதைப்பதா, ஆவணியிலா? தரை உறைகிற குளிரை நான் கண்டதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி அவன் பணத்தைக் கெடுக்க மனம் இல்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. வடலூரில் பிறந்தவர். "தீனி வைத்துக் கூப்பிட்டுச் சுடுவதா?" என்று போனிலேயே கேட்டுவிட்டார். இதற்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

லாஸ்பேட்டை வாசி:
ஐயா, ஜிப்சம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அது கால்சியமும் கந்தகமும் தரும். காய் திரள நமக்கு அது போதும். ஆனால் மண்ணின் புளிப்பை அது மாற்றாது. அதற்குச் சுண்ணாம்புக்கல் தூள்தான் வேண்டும். ஏக்கருக்கு எவ்வளவு என்று ஆய்வு அறிக்கையிலேயே போட்டிருப்பார்கள். 50 சென்ட் அரை ஏக்கர்தானே, அதில் பாதியைப் போட்டால் போதும். ஒன்று, அது மண்ணோடு சேர்ந்து வேலை செய்யப் பல மாதம் ஆகும். இப்போது போட்டால் பலன் அடுத்த வருடம்தான்.

ஆகவே இந்த வருடம் அந்தக் கலவைப் பையை ஒதுக்கிவிட்டு, புளிப்பைத் தாங்கும் ரையை மட்டும் தனியாக வாங்கி விதைக்கட்டும். குளோவருக்கு 6க்கு மேல் இருந்தால்தான் வேரில் முடிச்சு நன்றாகக் கட்டும். அதற்கென்று தனி ரைசோபியம் (வேர்முடிச்சு கட்டும் நுண்ணுயிர்) உண்டு. நாம் உளுந்துக்கும் மல்லாட்டைக்கும் கஞ்சியில் கலந்து தடவும் பாக்கெட் அதன் வேரில் ஒட்டாது.

நெல்லிக்குப்பம் டூ ஒஹாயோ:
அண்ணா, நான் நான்கு வருடமாக விதைக்கிறேன். முதல் வருடம் குளோவரை ஒரு அங்குலம் ஆழத்தில் புதைத்து அத்தனையையும் இழந்தேன். அந்த விதை எள்ளைவிடப் பொடி. அதை நம்மூரில் எள் தெளிப்பதுபோல மணலில் கலந்து மேலாகத் தூவி, உருளை ஓட்டி அழுத்தினால் போதும். ரையை மட்டும் ஒரு அங்குலம் மூட வேண்டும். 50 சென்டுக்குக் கைவிதைப்பாக 25 கிலோ. ஆவணியில், மழை வருவதைப் பார்த்து. ரைகிராஸ் என்று ஒரு புல் விற்கிறது, அது வேறு, வாங்கிவிட வேண்டாம்.

டர்னிப் விதைப்பதென்றால் ஆடியிலேயே முடிய வேண்டும். பனி பட்டால் இலை இனிக்கும், பிறகுதான் மான் அதிகம் கடிக்கும். ஆனால் அதைப் பழகாத மான் ஓரிரு வருடம் தொடாமலேயே போகும். 5.4இல் அதற்குச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். குளோவரை மாசியில், இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில், ரைக்கு இடையிலேயே தூவட்டும். தரை வெடித்து மூடும்போது விதையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

நடுவில் மூன்றடி அகலத்தில் ஒரு கம்பிக்கூண்டு வைக்கச் சொல்லுங்கள். கூண்டுக்குள் முழங்கால் உயரம், வெளியே கணுக்கால் உயரம் என்றால் மான் மேய்கிறது. தின்ற நுனியையும் பார்க்கலாம்: மானுக்கு மேல்வரிசையில் முன்பல் இல்லை, அதனால் பிய்ந்த மாதிரி இருக்கும்; முயல் கடித்தது கத்தியால் சீவியதுபோல.

ஒரு முக்கியமான விஷயம். பென்சில்வேனியாவில் நிற்கும் பயிரின் ஓரத்தில் உட்காரலாம். சோள மூட்டையைப் பிரித்துக் கொட்டிவிட்டு உட்காருவது பொதுவாகக் குற்றம். மான்களிடையே ஒரு மூளை நோய் பரவுவதால் சில பகுதிகளில் தீனி போடவே தடை. வேட்டைத்துறையில் கேட்காமல் ஒரு மணிகூடக் கொட்ட வேண்டாம்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைத் தொடக் கூடாது, தொடவும் வேண்டாம். இங்கே மானை அடித்துத் தின்ற ஓநாயோ மலைச்சிங்கமோ மிச்சமில்லை. மான் பெருகினால் காட்டில் மரக்கன்று ஒன்றும் தலை தூக்காது. நான் வருடத்துக்கு ஒன்று எடுக்கிறேன், கறியை வீணாக்குவதில்லை. அதற்கு மேலும் அவர் மனம் ஒப்பவில்லை என்றால் அவர் மனமே சரி, வற்புறுத்த வேண்டாம்.

பண்ருட்டி செம்மண்:
இருவருக்கும் நன்றி. இன்று காலை தம்பியிடம் பேசினேன். ஜிப்சத்தை நிறுத்திவிட்டு சுண்ணாம்புக்குச் சொல்லிவிட்டான். இந்த வருடம் ரை மட்டும். அம்மா ஒஹாயோக்காரர் எழுதியதை முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சம்மதம் என்று சொல்லவில்லை. கூண்டுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாகப் படம் எடுத்து வாரம் ஒரு முறை அனுப்பச் சொல்லியிருக்கிறார்.