கட்-ஆஃப் 178: எத்தனை கல்லூரி போடலாம்?

கேள்வி: கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88. கணிதம் முழுதாக, மற்ற இரண்டிலும் பாதி சேர்த்தால் கட்-ஆஃப் 178. அப்பா தறி ஓட்டுகிறார். வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலில் பத்துக் கல்லூரி போட்டால் போதுமா?

பதில்: போதாது தம்பி. எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. நான் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் இரவெல்லாம் அழுதேன். நோட்டில் குறைந்தது எண்பது கல்லூரி எழுது. ஆசைப்படுவதை மேலே வை. பட்டியலை மேலிருந்துதான் பார்ப்பார்கள். கல்லூரிக் குறியீட்டு எண்ணை அம்மாவை உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபார்.

பதில்: முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாயா? கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியா?

கேட்டவர்: ஆமாம் அக்கா.

பதில்: அப்படியானால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் நீ வருவாய். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். நாளைக்கே தலைமையாசிரியரைப் பார்.