கவுன்சிலருக்கு நின்னவங்க உங்க வாசலுக்கு வந்தப்ப என்ன பேசினாங்க? (அனுபவப் பகிர்வு)

தெருமுனைக்காரன்:
2022 பிப்ரவரி, சென்னை. 19ஆம் தேதி ஓட்டு, அதுக்கு முந்தின வாரம். கட்சி எதுன்னு கேக்காதீங்க. வேட்பாளர் மழைநீர் வடிகால் சிலாப் மேலேயே நின்னுக்கிட்டு, "ஜெயிச்சதும் முதல் வேலையா மெட்ரோ வாட்டர்ல சொல்லி இதைத் தூர் வாருறேன்"னார். கூட வந்த வட்டச் செயலாளர் முழங்கையால இடிச்சார். இவருக்குப் புரியல. அதையே இன்னும் சத்தமாச் சொன்னார்.

கையில கொடுத்த நோட்டீசில பஸ் ரூட், ரேஷன் கடை, மெட்ரோ ரயில் எல்லாம் இருந்துச்சு. கவுன்சிலர் கைக்கு எட்டுற விஷயம் ரெண்டு மூணு வரிதான். வார்டுல எதை முதல்ல எடுக்கணும்னு தெரிஞ்ச ஒரு வேட்பாளரையாவது யாராச்சும் பார்த்திருக்கீங்களா?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
தெரியாதவங்களுக்காக: சென்னையில் ரோட்டு நடுவில் வட்ட மூடி இருந்தால் பாதாளச் சாக்கடை, அது மெட்ரோ வாட்டர் எனும் குடிநீர் வாரியம். ஓரத்தில் நீளமாக சிலாப் போட்டிருந்தால் மழைநீர் வடிகால், அது மாநகராட்சி. இந்த வித்தியாசம் தெரியாதவர் அஞ்சு வருஷமும் தப்பான ஆபீசுக்கே மனு எழுதுவார்.

நான் பார்த்ததில் ஒரு சுயேச்சை அம்மாவை மறக்க முடியவில்லை. பிரச்சாரத்துக்கு வந்த இடத்தில் கேட்ச் பிட் (ரோட்டுத் தண்ணீர் முதலில் விழும் ஓரக் குழி) மூடியைத் தூக்கச் சொல்லி, கொடி கட்டியிருந்த மூங்கில் கழியையே உள்ளே விட்டுப் பார்த்தார். மேலே ஒரு சாண் தண்ணீர், கீழே முழங்கை அளவு சேறு. "குழாய் வாயே தெரியலையே, தண்ணி எப்படிய்யா உள்ள போகும்?" என்றார். அவ்வளவுதான் பிரச்சாரம். தோற்றுவிட்டார்.

அவர் பார்த்ததுதான் சரியான இடம். ரோட்டுத் தண்ணீர் நேராக வடிகாலுக்குப் போகாது. கேட்ச் பிட்டில் விழுந்து, மண் அடியில் தங்கி, தண்ணீர் மட்டும் குழாய் வழியாகப் போக வேண்டும். குழாய் மட்டம் வரை மண் ஏறிவிட்டால் வடிகாலைக் கோடி ரூபாய் போட்டு அகலப்படுத்தினாலும் தெரு மூழ்கும். செப்டம்பருக்குள் ஒரு தடவை, முதல் பெருமழை விட்டதும் இன்னொரு தடவை அள்ள வேண்டும். அள்ளிய சேற்றைப் பக்கத்திலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அத்தனையும் திரும்ப உள்ளேதான். பில் மட்டும் பாஸாகிவிடும்.

இன்னொன்று ரோடு. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு தடவையும் சுமார் 40 மி.மீ. ஏறும். மூன்று தடவையில் 12 செ.மீ., உங்கள் வாசல்படி ஒன்று காலி. சுரண்டித்தான் போட வேண்டும் என்று 2021லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். "புது ரோடு போட்டுத் தருவேன்" என்பவரிடம் "மில்லிங் (பழையதைச் சுரண்டுவது) உண்டா?" என்று மட்டும் கேளுங்கள்.

மீனா_அம்பத்தூர்:
சார், வடிகால் எல்லாம் சரி, எங்களுக்கு முதல் பிரச்சனை நாய். ஒருத்தர் "ஒரே மாசத்துல நாயே இல்லாத வார்டு"ன்னு மைக்ல சொன்னாரு. கூட்டம் கை தட்டுச்சு. எனக்குச் சிரிப்புத்தான். 2023 விதிப்படி பிடிச்ச நாய்க்குக் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி ரெண்டும் போட்டு, காது நுனியில அடையாளம் வெட்டி, பிடிச்ச இடத்துலயே விடணும். முன்னாடி இருந்த விதியும் அதான். கவுன்சிலர் நினைச்சாலும் வேற ஊருக்கு ஏத்தி விட முடியாது. அவர் செய்யக்கூடியது, வண்டி வந்தா நம்ம வார்டுல ஒரே வீச்சுல பத்துக்கு ஏழு நாயாவது பிடிக்க வைக்கறது. தெருவுக்கு ரெண்டுன்னு பிடிச்சா அடுத்த குட்டியிலயே கணக்கு பழையபடி ஆயிடும். கறிக்கடைக் கழிவு கொட்டற மூலையை மூடறதும் அவர் வேலைதான். அதை எந்த மைக்லயும் கேட்டதில்ல.

கோவை_நூறு:
ஏனுங்க, எல்லாரும் சென்னைக் கணக்கையே பேசறீங்க. இங்க குடிதண்ணி, சாக்கடை, ரோடு மூணுமே மாநகராட்சி தானுங்க. வாரியத்து மேல பழி போட்டுத் தப்பிக்க வழியில்ல. ஆனாலும் எங்க வார்டுக்கு வந்தவரு "தினமும் சிறுவாணித் தண்ணி"ன்னாருங்க. எங்க லைன்ல வர்றது பில்லூர்த் தண்ணி! சிறுவாணி அணை கேரளாவுல இருக்குது, அங்க எவ்வளவு எடுக்க விடறாங்களோ அவ்வளவுதான் இங்க வரும். கவுன்சிலர் சொன்னா அந்த அளவு ஏறிடாதுங்க.

அவரு பார்க்க வேண்டியது வால்வை. பள்ளத்துத் தெரு வால்வைப் பாதி திருகி வெச்சாத்தான் மேட்டுக்குத் தண்ணி ஏறும். முழுசாத் திறந்து விட்டா பள்ளத்து வீட்டுத் தொட்டி வழியும், மேட்டு வீட்டுக் குழாய்ல காத்துதான் வரும். அப்புறம் அந்த வீட்டுக்காரரு லைன்லயே மோட்டார் வெப்பாரு, அவருக்கு அடுத்த வீட்டுக்குச் சொட்டுக்கூட வராது. மோட்டாரைப் பறிமுதல் பண்ணுவேன்னு எந்த வேட்பாளரும் சொல்ல மாட்டாங்க, ஓட்டு போயிருமுங்க.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
கோவைத் தம்பி சொன்னது சரி. சென்னையிலும் அதே பயம் உண்டு. ஏப்ரல், மே வெயிலில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை, யாரோ வீட்டுக் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக விட்டிருக்கிறார்கள். அடைக்கப் போனால் முதலில் சண்டைக்கு வருவது ஓட்டுப் போட்டவர்தான்.

தெருமுனைக்காரன்:
அப்ப கவுன்சிலர் எதுக்குன்னே தோணுது சார்.

பட்ஜெட் பாண்டியன்:
இப்படிப் பேசிப் பேசித்தான் அவங்க தப்பிக்கிறாங்க. இது யாரும் கேக்காத யோசனைதான், இருந்தாலும் எழுதிடறேன். கவுன்சிலருக்குன்னு ஆண்டுக்கு ஒரு வார்டு மேம்பாட்டு நிதி இருக்கு. அதுக்கு மேல வேணும்னா பட்ஜெட்டுல ஏத்தணும். பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்குல வரும், அதனால டிசம்பருக்குள்ள உதவிப் பொறியாளர்கிட்ட எஸ்டிமேட் தயாராகணும். பிறகு நிர்வாக அனுமதி, டெண்டர், பணி ஆணை. மே மாசம் போய் "வடிகால் போட்டுக் கொடுங்க"ன்னா அந்த மழைக்கு வராது. வேட்பாளர் "செஞ்சு தர்றேன்"னா எந்த மாசம் எஸ்டிமேட்னு கேளுங்க. முழிச்சார்னா தெரியலைன்னு அர்த்தம்.

வார்டுக்குள்ள அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசற ஏரியா சபைன்னு ஒண்ணு இருக்கறதே பாதிப் பேருக்குத் தெரியாது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துல ஊர் ஊரா நடந்துச்சு. "அதை ஒழுங்காக் கூட்டுவீங்களா, தீர்மானத்தைப் பதிவேட்டுல எழுதுவீங்களா?"ன்னு கேளுங்க. கவுன்சிலருக்கு 2023லேர்ந்து மாநகராட்சியில மாசம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் தர்றாங்க. கேக்கறதுல தப்பே இல்ல.

மீனா_அம்பத்தூர்:
பாண்டியன் சார், டிசம்பர் வரைக்கும் நாய் காத்திருக்குமா?

பட்ஜெட் பாண்டியன்:
அதுக்கு எஸ்டிமேட்டே வேணாம்மா, சென்னை மாநகராட்சிப் புகார் போன் 1913 போதும். அவங்க தர்ற புகார் பதிவு எண்ணை எழுதி வெச்சுக்கோங்க. வேலை நடக்காமலே "சரி செய்யப்பட்டது"ன்னு மெசேஜ் வந்தா அன்னிக்கே மறுபடி போடுங்க. போட்டோ எடுத்தா தெருப் பேர்ப்பலகையும் சேர்ந்து தெரியணும், இல்லன்னா "இது எங்க வார்டே இல்ல"ன்னு மூடிடுவாங்க.